உன் பெயருக்குக் கீழே ஒரு வரி

பாப்பா,

இதை ஆபீஸ் போகும் பஸ்ஸில் படிக்காதே. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் பஸ் எப்படியும் நகரப் போவதில்லை, அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பாய். முடியாது. லீவ் லெட்டரையே இரண்டு பக்கத்துக்கு எழுதுகிறவன் உன் அப்பன். சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய், முகம் கழுவி, அவர்கள் போடும் அந்தக் காய்ந்த சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு உட்கார். போனிலேயே அனுப்பலாமே என்று உன் அம்மா சொன்னாள். போனில் அனுப்பினால் நான் முடிப்பதற்குள் நீ பதில் போட ஆரம்பித்துவிடுவாய். ஒரு தடவையாவது நீ குறுக்கே பேசாமல் நான் பேசி முடிக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே இரண்டு விஷயம் கேட்டாய். இந்த சாப்ட்வேர் வேலையிலேயே தொடரட்டுமா, இல்லை வேறு வழி பார்க்கட்டுமா என்பது ஒன்று. பிரவீன் வீட்டில் நின்றுபோன கல்யாணப் பேச்சை மறுபடி எடுக்கிறார்களே, என்ன பதில் சொல்வது என்பது இன்னொன்று. யோசிச்சு சொல்லுங்கப்பா, அவசரம் இல்லை என்றாய். அவசரம் இல்லாத கேள்வியை யாரும் செருப்பு மாட்டும்போது கேட்பதில்லை. இரண்டுக்கும் பதில் இதில் இருக்கிறது. கூடவே, நேற்று உன்னைக் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதையும் சொல்லுவேன், ஆனால் கடைசியில். முதலிலேயே சொன்னால் லெட்டரைக் கட்டில்மேல் போட்டுவிட்டு போனை எடுப்பாய். நீ கோபமாகப் பேசினால் எனக்கு நாக்கு எழும்பாது.

உன் வேலை எனக்கு எப்போதுமே பாதிதான் புரிந்திருக்கிறது. நான் தாம்பரத்தில் ஒரு அரசு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ரிட்டயர் ஆனவன். எங்கள் ஆபீசில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது மலையைப் புரட்டுகிற காரியம். குடித்துவிட்டு வந்து ஃபைல்மேல் தலை வைத்துத் தூங்கினவருக்கே மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைத்து, எல்லாம் முடிந்து அவர் எனக்கு முன்னால் புரொமோஷன் வாங்கிக்கொண்டு போனார். வேலை என்றால் அப்படித்தான், ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் பென்ஷன் வரைக்கும் உதிராது என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். அதனால் நீ கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றபோதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. எல்லார் வீட்டிலும் படிக்கிறார்கள், நம் வீட்டிலும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குக் கொஞ்சம் புரிந்தது அந்தத் தண்ணி லாரி விவகாரத்தில்தான். அப்போது நீ காலேஜ் இரண்டாவது வருஷம். இரும்புலியூரில் நம் தெரு முழுக்க அந்தக் கோடையில் கிணறு வற்றிப்போய், எல்லாரும் சேர்ந்து லாரித் தண்ணி வாங்கினோம். யார் வீட்டுத் தொட்டிக்கு எப்போது முறை என்று சொல்லும் பொறுப்பு அசோசியேஷன் செகரட்டரியான என் தலையில். தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். நீ ஒரு வாரம் உட்கார்ந்து, முறை வந்த வீட்டுக்குக் காலையில் தானாகவே மெசேஜ் போகிற மாதிரி ஒன்றைச் செய்தாய். செய்துவிட்டு, தெருவுக்குக் கொடுக்கும் முன்னால் என்னை உட்காரவைத்து, சோதித்துப் பாருங்கள் என்றாய். நான் ஆபீஸ் பழக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டு நம்பர், பெயர், போன் நம்பர் என்று முத்து முத்தாக நிரப்பினேன். உனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் சரியா நிரப்பினா எந்த ப்ரோகிராமும் நல்லாத்தான்பா ஓடும். ஒரு எடத்தைக் காலியா விட்டுப் பாருங்க. அப்ப என்ன பண்ணுதுன்னு பாக்கணும். அதுதான் டெஸ்ட்டிங்" என்றாய்.

நான் வீட்டு நம்பரைக் காலியாக விட்டேன். உன் ப்ரோகிராம் குழம்பிப்போய், முறை உங்களுடையதுதான் என்று மொத்தத் தெருவுக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டது. ஆளாளுக்கு ஹோஸ் பைப்போடு வெளியே வந்து நின்றார்கள். எனக்கு மானம் போயிற்று. நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய், பிறகு சாப்பிடக்கூட வராமல் உட்கார்ந்து எங்கே தப்பு என்று தேடினாய். கண்டுபிடித்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். இது இவளுக்குப் பிழைப்பு மட்டும் இல்லை, இஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மெசேஜ் இன்றைக்கும் எனக்கு வருகிறது பாப்பா. இன்று காலைகூட நம் வீட்டு முறை என்று வந்தது.

பிறகு காலேஜ் முடியும் முன்பே வேலை, ஓ.எம்.ஆரில் பெரிய கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் ஐ.டி. கார்டு. சில வருஷம் நன்றாகத்தான் போயிற்று. வரன் பார்க்க ஆரம்பித்தோம். கூடுவாஞ்சேரியிலிருந்து பிரவீன் வீட்டார் வந்தார்கள். பையனும் சாப்ட்வேர்தான், உனக்கும் பிடித்திருந்தது. அவன் அப்பா, அதாவது சம்பந்தி ஆகவிருந்தவர், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு எதுவும் வேணாம் சார். பொண்ணு நல்ல கம்பெனில இருக்கா, அது போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று அன்று முழுக்க உன் அம்மாவிடம் சொல்லித் தீர்த்தேன். அந்த வார்த்தையின் பின்பாதியை நான் சரியாகக் கேட்கவே இல்லை. எதுவும் வேண்டாம் என்பதோடு என் காது நின்றுவிட்டது.

பத்திரிகை அடிக்க நானும் அவரும் சேர்ந்துதான் மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் உள்ள கார்டு கடைக்குப் போனோம். நம்மவர்கள் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், பெயருக்குக் கீழே படிப்பும் உத்தியோகமும் போட வேண்டும். கடைக்காரர் உன் பெயருக்குக் கீழே பி.இ. என்று போட்டு, சாப்ட்வேர் இன்ஜினியர் என்று போட்டு, கம்பெனி பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கம்பெனி பெயரைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார். பெரிசாக்கினார்கள். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் அது உன் பெயர் அளவுக்கே வந்துவிட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடையை விட்டு வெளியே வந்து அவருக்கு லெமன் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் முகூர்த்தம். ஆயுத பூஜைக்கு உன் அம்மா வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள், மிக்ஸி, கிரைண்டர், என் ஸ்கூட்டர், உன் கம்பெனி லேப்டாப் உட்பட. அந்தப் பொட்டு காய்ந்து உதிர்வதற்குள் அந்தப் போன் வந்தது. நீ உள் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஹாலில் பத்திரிகைகளை விரித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. ஒரு பெண் குரல், இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது. பாதி வார்த்தை விளங்கவில்லை. இதைப் பர்சனலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்தக் குரல் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. நீ வெளியே வந்து, "என்னை எடுத்துட்டாங்கப்பா" என்றாய். எங்கே எடுத்தார்கள், பெரிய போஸ்டுக்கா என்று நான் கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனசில் நிற்கிறது. கை நிறைய மஞ்சளோடு உன்னைத் தொடவும் முடியாமல், எழுந்திருக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

கூரியர்காரன் லேப்டாப்பை வாங்க வந்தபோது, அதன்மேல் இருந்த சந்தனம் குங்குமத்தைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னாய். உன் அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டில் பொட்டை அழிக்க என் கை வராது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். அது பொட்டோடேயே போயிற்று.

அடுத்து நடந்ததை நீ மறக்கவில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். தாலி ஏறும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று உன் அம்மா சொன்னாள். நானும் அதையேதான் சொன்னேன். பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது, வேலை இன்றைக்குப் போனால் நாளைக்கு வரும், இதைப் போய்த் தண்டோரா போடுவார்களா என்று சத்தம் போட்டேன். நீ சத்தம் போடவில்லை. தப்பு தெரிஞ்ச உடனே சொல்லணும்பா, மறைச்சு வச்சா அது உள்ளயே வளர்ந்து ஒருநாள் எல்லாத்தையும் நிறுத்திடும், எங்க வேலைல முதல்ல கத்துக்கறதே அதுதான் என்று மட்டும் சொன்னாய். மறுநாளே பிரவீனைச் சந்தித்துச் சொல்லிவிட்டாய். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதாக வந்து சொன்னாய். அன்றைக்கு நீ கொஞ்சம் சாப்பிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் அப்பாவும் அவனும் வந்தார்கள். நீ உள்ளேதான் இருந்தாய், வெளியே வரவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை, கோபமாகவும் இல்லை. கேளம்பாக்கம் ரோட்டில் இரண்டு பேர் சம்பளத்தை நம்பி ஃப்ளாட் புக் பண்ணியிருக்கிறோம், பத்திரிகையில் ஒன்று போட்டுவிட்டு அங்கே வேறு ஒன்று என்றால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பெண்ணுக்கு மறுபடி வேலை கிடைக்கட்டும், அதுவரை தள்ளி வைக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பர்சனலா எடுத்துக்காதீங்க சார்" என்றார். எனக்கு அந்த நிமிஷம் அவர் முகம் தெரியவில்லை. கதவிடுக்கில் கேட்ட அந்தப் பெண் குரல்தான் கேட்டது. அவளாவது உன் முகத்தை ஒரு தடவையும் நேரில் பார்த்திராதவள். இவர் நம் வீட்டில் மூன்று தடவை கை நனைத்தவர்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் போனபிறகு நீ வெளியே வந்து, பிரவீன் ஏதாவது சொன்னானா என்று கேட்டாய். பிரவீனும் ரொம்ப வருத்தப்பட்டார்மா என்று நான் சொன்னேன். அது பொய். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்பா பேசிய நேரம் முழுக்க நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி உன் அம்மாவிடம் தண்ணி கேட்டான். அன்றைக்கு உனக்கு ஏற்கனவே விழுந்த அடி போதும் என்று நினைத்து மறைத்தேன். அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று இப்போது அவன் உன்னிடம் சொல்கிறானாமே. வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது. நம் ஹாலில் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நீ முடிவு செய். என் பொய்யை வைத்துக்கொண்டு முடிவு செய்யாதே.

மிச்சம் இருந்த பத்திரிகைகள் என்ன ஆயிற்று என்று நீ கேட்டதில்லை. பிள்ளையார் படம் போட்டது, குப்பையில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. மஞ்சள் தடவினது தடவாதது எல்லாம் கட்டாகக் கட்டி சாமி அலமாரிக்குக் கீழேதான் இருக்கிறது. விளக்கேற்றக் குனியும்போதெல்லாம் உன் பெயரும், உன்னை வெளியே அனுப்பிய கம்பெனியின் பெயரும் ஒரே அளவில் என் கண்ணில் படுகின்றன.

அதன்பிறகு நீ வேலை தேடின மாதங்களைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை. கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். சில இன்டர்வியூவில் எதிரே ஆளே கிடையாது. மெஷின் கேள்வி கேட்கும், நீ ஸ்கிரீனைப் பார்த்து, தலை வாரி, நல்ல சுரிதார் போட்டுக்கொண்டு, யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வாய். அதைக் கதவுக்கு வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும். அப்படி ஒருநாள், இரண்டு மணி நேரமாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பரீட்சை எழுதுகிறாளே என்று காபி ஆற்றி எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே வந்து டேபிளில் வைத்தேன். கேமராவில் என் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று மெஷின் பரீட்சையை அதோடு மூடிவிட்டது. பெற்ற அப்பன் காபி கொண்டுவந்தான் என்று எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நீ எழுதிப் போட்ட மெயிலுக்கும் பதில் வரவில்லை. நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபியை எடுத்துக் குடித்தாய். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தெருவில் கேட்டார்கள். கல்யாணம் தள்ளிப் போச்சாமே, பொண்ணு இன்னும் வீட்லதான் இருக்காளா என்று அக்கறையாகத்தான் கேட்டார்கள். நீ வாசலுக்கு வருவதையே நிறுத்தினாய். பிறகு இந்த வேலை கிடைத்தது. கான்ட்ராக்ட், முன்னைவிடக் குறைந்த சம்பளம், வருஷா வருஷம் புதுப்பித்தால் உண்டு. தூரம் என்று சொல்லி மேடவாக்கத்தில் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டாய். இரும்புலியூரிலிருந்து தினமும் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். நீ போனது தூரத்துக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். என்ன வேலை என்று கேட்டேன். இப்பல்லாம் மெஷினே ப்ரோகிராம் எழுதுதுப்பா, அது எழுதினது சரியான்னு நான் பாக்கறேன் என்றாய். கொஞ்ச நாளில் அதையும் மெஷினே பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டேன். "பாத்துக்கும்பா" என்றாய், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். தொடர். ஊரில் எல்லாரும் பி.எட். படி, பேங்க் பரீட்சை எழுது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வேலை உன்னை மறுபடியும் வெளியே அனுப்பும். என் ஆபீஸ் மாதிரி அதற்கு உன்னைத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. நல்லதே நடக்கும் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி எழுதினால் நீயே நம்ப மாட்டாய். தொடரச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். ஹோஸ் பைப்போடு தெருவே நின்ற அன்றைக்கு, தப்பைக் கண்டுபிடித்தபோது உன் முகத்தில் பார்த்ததை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. கல்யாணம் நிச்சயமான அன்றைக்குக்கூட. அது கம்பெனி கொடுத்தது இல்லை, அதனால் லேப்டாப்போடு கூரியரில் போய்விடவும் இல்லை. ஆனால் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும், சேர்கிற அன்றைக்கே, இங்கிருந்தும் ஒருநாள் போகத்தான் வேண்டும் என்று மனசில் எழுதி வைத்துக்கொள். கம்பெனி பெயரை உன் பெயர் அளவுக்கு வளரவிடாதே. கடையில் அது வளர்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி. உனக்கு வேலை கிடைத்த விஷயம் எப்படியோ கூடுவாஞ்சேரிக்கு எட்டி, பத்து நாளைக்கு முன்னால் பிரவீன் அப்பா போன் பண்ணினார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்றார். எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்டார். நேற்றுக் காலையில் நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனபோது அந்தக் கார்டு கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கூப்பிட்டார். பிரவீன் அப்பா ஏற்கனவே கடையில் சொல்லி வைத்துவிட்டாராம்.

"பழைய மேட்டர் அப்டியே கம்ப்யூட்டர்ல கீது சார். தேதியும் அந்தக் கம்பெனி பேரும் மாத்திட்டா போதும், ஒரே வரிதான். இன்னா பேரு, சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

அவர் நல்ல மனுஷர், என் வேலையைச் சுலபமாக்கத்தான் சொன்னார். நீ அழுத அழுகை, உன் அம்மா அழிக்க மாட்டேன் என்ற பொட்டு, யாரும் இல்லாத ஸ்கிரீனைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு, அந்த மாதங்கள் எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியை மாற்றினால் நீ மறுபடி கல்யாணப் பெண். வயிறு எரிந்தது பாப்பா. இதைவிட நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை.

பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, கடை வாசலில் நின்றபடியே கூடுவாஞ்சேரிக்கு போன் போட்டேன். இதுதான் உன்னைக் கேட்காமல் நான் செய்த காரியம்.

"சார், கார்டுல எங்க பொண்ணு பேரு மட்டும்தான் போடறதா இருக்கோம். படிப்பு, உத்தியோகம், கம்பெனி எதுவும் வேணாம். உங்க பையனுக்கு நீங்க விரும்பினதைப் போட்டுக்கங்க" என்றேன்.

அவர், "ஏன் சார், வேலைல மறுபடி ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"வேலை இருக்கு சார். அடுத்த வருஷம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உங்க பையன் வேலையும் அப்படித்தான். அதனால பேரு போதும்" என்றேன்.

அவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ எதையோ கேட்டார்கள், அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொன்னார். பிறகு, "வீட்ல கலந்துகிட்டு சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார்.

நீதான் சொல்லிக்கொடுத்தாய். எல்லாவற்றையும் சரியாக நிரப்பினால் எதுவும் நன்றாகத்தான் ஓடும், காலியாக விட்டுப் பார்க்க வேண்டும் என்று. உன்னைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு இடத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன். போன தடவை எல்லாக் கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்தது நான்தானே. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று தெரியும். கேட்டிருந்தால் நீ வேண்டாம்பா, சண்டை எதுக்கு என்றிருப்பாய், நானும் கடைக்காரரிடம் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். கோபம் இருந்தால் திட்டு. காபி விஷயத்துக்கும் சேர்த்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

என் மனசில் இருப்பது எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதுதான். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவள் நீ. உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அது ஒரு வரியில் மாறுகிற விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும். பெயர் மட்டும் போதும் என்று அவர்கள் சொன்னால், நான் பேசினதையெல்லாம் விழுங்கிக்கொண்டு மண்டபத்தில் முதல் ஆளாக நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்பேன். உன் அம்மா அந்தச் சாமி அலமாரியைச் சுத்தம் பண்ணிப் புது மஞ்சள் அரைப்பாள். சொல்லாவிட்டால், நீ ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வா. தெருவில் கேட்கிறவர்களுக்கு இந்தத் தடவை நான் பதில் சொல்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. புளிக்காய்ச்சல் பாட்டிலோடு நானே நாளைக் காலையில் கொண்டுவந்து ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன்னைப் பார்த்தால் இதைக் கொடுக்கத் தைரியம் வராது. நீ இதைப் படிக்கும்போது நான் போன் பேசி இரண்டு நாள் ஆகியிருக்கும். இந்த நிமிஷம்வரை கூடுவாஞ்சேரியிலிருந்து எனக்குப் போன் வரவில்லை. சாப்பிடும்போதுகூட பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணி லாரி மெசேஜ்தான் வந்தது.

பெரியவர் என்னைக் கூப்பிடாவிட்டால் போகட்டும். பிரவீன் உன்னைக் கூப்பிட்டானா? கூப்பிட்டிருந்தால் ஒன்றே ஒன்று மட்டும் எனக்குச் சொல். முதலில் உன்னை விசாரித்தானா, உன் வேலையை விசாரித்தானா?

அப்பா